டோடோ முட்டையைத் தின்ற எலி

கேள்விக்காரியின்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மொரீசியஸ் காத்ர் போர்ன்லேருந்து எழுதறேன். என் மகளுக்கு ஒன்பது வயசு. போன வாரம் பள்ளிக்கூடத்துல போர்லூயி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அழிஞ்சுபோன டோடோ பறவையோட எலும்புக்கூடு பாக்க. டீச்சர் சொன்னது இது: டோடோவோட மூதாதை எங்கேருந்தோ பறந்து வந்த ஒரு புறா. இங்க அதைத் துரத்த ஒரு மிருகமும் இல்ல. தலைமுறை தலைமுறையா உடம்பு பெருத்து, றெக்கை சின்னதாகி, பறக்கறதே போச்சு. அப்புறம் கப்பல்ல வந்த எலி, பன்னி, குரங்கு எல்லாம் சேர்ந்து முட்டையைத் தின்னு தீர்த்துடுச்சு.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனோம். பிள்ளையார் முன்னாடி நின்னவ மூஞ்சூறைக் காட்டி, "அம்மா, இதுதானே டோடோ முட்டையைத் தின்னது? பிள்ளையார் ஏன் திட்டலை?"ன்னு கேட்டுட்டா. தமிழ்ல கேட்டிருந்தா பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்காது. இங்க எல்லாரும் பேசற கிரியோல்ல கேட்டா. ஐயர் உள்பட எல்லாரும் சிரிச்சாங்க, என் மாமியாரைத் தவிர. "பறவை தானா மாறுச்சுன்னா முருகன் எதுக்கு, கோவில் எதுக்கு"ன்னு பஸ் இறங்கற வரைக்கும் அர்ச்சனை எனக்கு.

எனக்கு சாமியும் வேணும், டீச்சர் சொன்னதும் பொய்யாத் தெரியலை. பிள்ளைக்கு என்ன சொல்ல? சண்டை போடாம சொல்லுங்க.

கருப்புச்சட்டை

அக்கா, உங்க பொண்ணுதான் இந்த ஊர்ல சரியாக் கேள்வி கேக்கறா. அவளை மாத்தாதீங்க, மாமியாரை மாத்துங்க.

இந்தத் தீவு கடலுக்கடியில எரிமலை கக்கி எழுந்தது. வயசு சுமார் 80 லட்சம் வருஷம். எந்தக் கண்டத்தோடயும் ஒட்டியிருந்ததே இல்ல. மனுசன் கால் வைக்கிறதுக்கு முன்னாடி இந்த மண்ணுல சொந்தமா இருந்த பாலூட்டி எது தெரியுமா? வௌவால். அது மட்டும்தான். நரி இல்ல, மான் இல்ல, குரங்கு இல்ல. தவளைகூட இல்ல. பறக்கத் தெரிஞ்சது வந்துச்சு, கடல்ல மிதந்து தாக்குப்பிடிக்கிற ஆமை, பல்லி வந்துச்சு. மத்தது வரலை.

1859-ல வந்த டார்வின் புத்தகத்துல இதே கேள்வி இருக்கு, மொரீசியஸ் பேரோட. தூரத்துத் தீவுகள்ல படைக்கும் சக்தி வௌவாலைப் படைச்சுட்டு மத்த பாலூட்டியை ஏன் படைக்காம விட்டுதுன்னு கேக்கறார். தவளைக்கு இந்த மண்ணு ஒத்துக்காதுன்னு சாக்கு சொல்லவும் வழியில்ல. ஆளுங்க கொண்டுவந்து விட்டதும் தொல்லையாகிற அளவுக்குப் பெருகிடுச்சேன்னு அவரே எழுதறார். முருகன் படைச்சார்னா தவளையை ஏன் மறந்தார்? பறந்து வந்ததும் மிதந்து வந்ததும் இங்கேயே மாறுச்சுன்னு சொன்னா எல்லாம் சரியாப் பொருந்துது.

இன்னொண்ணு. டோடோ அழிஞ்சதும் தம்பலகோக் மரம் முளைக்கறதே நின்னுபோச்சு. அந்தக் கொட்டை டோடோ வயித்துக்குள்ள போய் ஓடு தேஞ்சு வந்தாத்தான் முளைக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்தே பரிணமிச்சது. இதைவிட என்ன சாட்சி வேணும்?

காவடி_27

தம்பி, வணக்கம் சொல்லிட்டு ஆரம்பிச்சா பரிணாமம் ஒண்ணும் கெட்டுடாது.

அம்மா, உங்க மாமியார் பயப்பட வேண்டியதே இல்லை. நம்ம பெரியவங்க இதை ஆயிரம் வருஷம் முன்னாடியே பாடிட்டாங்க. சிவபுராணத்துல மாணிக்கவாசகர் "புல்லாகிப் பூடாகிப் புழுவாய் மரமாகி, பல்மிருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகி"ன்னு சொல்றார். இதுக்கு மேல என்ன பரிணாமம்? தசாவதாரம் எடுத்துக்குங்க. முதல்ல மீன், அப்புறம் நீர்லயும் நிலத்துலயும் இருக்கிற ஆமை, அப்புறம் பன்றி, அப்புறம் பாதி மிருகம் பாதி மனுசன். வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்னு கைதட்டறோம், வீட்டுல இருக்கிறதைப் படிக்கிறதில்ல. கோவில் வகுப்புப் பிள்ளைங்களுக்கு நான் அடிச்சுக் கொடுக்கிற தாள்லயும் இதைப் போட்டிருக்கேன்.

கருப்புச்சட்டை

வணக்கம் அண்ணே. போதுமா?

பாட்டை முழுசா ஓதுங்க. புழுவுக்கு அப்புறம் மரம் வருது. பாம்புக்கு அப்புறம் கல். மனுசனுக்கு அடுத்தது பேய். டார்வின்ல பேய் எந்த அத்தியாயம்? தசாவதாரத்துல ஆமைக்கும் பன்றிக்கும் நடுவுல கோடிக்கணக்கான வருஷம் காணோம். குள்ள வாமனர் வந்து மூணே அடியில உலகத்தை அளக்கிறார். அவருக்கு அடுத்தவர் கோடாலியோட வர்றார். யாராவது ஒரு விஞ்ஞானி எதையாவது கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் "எங்க புராணத்துல இருக்கே"ன்னு ஓடி வர்றது. ஒரே ஒரு தடவை முன்கூட்டிச் சொல்லியிருக்கீங்களா?

ஆறுநாள்

ரெண்டு பேரும் தப்பு. ஆண்டவர் ஆறு நாளில் படைத்தார். மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்றைக்கும் குரங்கு ஏன் இருக்கிறது? பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

கருப்புச்சட்டை

உங்க கொள்ளுத்தாத்தா கடலூர்ல கப்பலேறி வந்தார்னு வச்சுக்குவோம். கடலூர்ல இன்னும் ஜனங்க இருக்காங்களே, எப்படி? குரங்கு நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி. நம்ம ஊர்க் குரங்கும் நம்மள மாதிரியே வெளியூர்லேருந்து கப்பல்ல வந்ததுதான். வந்தவனுக்கு வந்தவன் மரியாதை கொடுங்க.

இன்னும் புரியலைன்னா நாம பேசற பாஷையைப் பாருங்க. பிரெஞ்சு மெதுமெதுவா மாறி கிரியோல் ஆச்சு. பிரெஞ்சு பேசற தாய்க்குக் கிரியோல் பேசற பிள்ளை பிறந்த நாள்னு ஒரு நாளைக் காட்ட முடியுமா?

வாத்தியார்

இந்த உவமை நொண்டுகிறது, தம்பி. கிரியோல் மெதுவாக மாறி வந்த மொழியல்ல. பல நாடுகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள், தங்களுக்குள் பொதுமொழி இல்லாத நிலையில், சில தலைமுறைகளுக்குள் உருவாக்கிக்கொண்டது. படிப்படியான மாற்றத்துக்கு உதாரணம் வேண்டுமானால் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப்பாட்டு இன்று உரையில்லாமல் புரிவதில்லை. ஆனாலும் எந்தத் தலைமுறையிலும் பேரனுக்குத் தாத்தா பேச்சு புரியாமல் போனதில்லை. (மொரீசியஸில் போனது. அது வேறு கதை, அதற்கு டார்வின் பொறுப்பல்ல.)

அடுத்து காவடி ஐயாவுக்கு. நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுத்த உரிமையில் சொல்கிறேன். அந்த அடிகள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள்: "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்." இளைத்தேன் என்றால் களைத்துப்போனேன். ஓர் உயிர், மீண்டும் மீண்டும் பிறந்து அலுத்து, போதும் என்று அழுகிறது. புல் என்னும் இனம் பூடு என்னும் இனமாக மாறியதாக அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த அழுகையை உயிரியல் பாடமாக்கினால் டார்வினுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, வாசகருக்குத்தான். "ஒன்றறிவதுவே உற்றறிவதுவே" என்று தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்தியதையும் சிலர் இப்படி இழுத்து வருவார்கள். அது அழகான வகைப்பாடு. எப்படி உண்டாயின என்ற கேள்வியே அங்கே கிடையாது.

காவலாளி (நெறியாளர்)

நேற்றிரவிலிருந்து "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" குறளை நாலு பேரும் "எப்பொருள் யார்யார்வாய்" குறளை மூணு பேரும் போட்டிருக்கீங்க. ரெண்டு கட்சியிலும் போட்டிருக்கீங்க. ஏழையும் நீக்கிட்டேன். 355-ஐயும் 423-ஐயும் இந்த இழைக்குத் தடை செய்யறேன். வள்ளுவர் ஓய்வெடுக்கட்டும்.

மெழுகுவர்த்தி

நேத்துதான் கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லாவால் கல்லறைக்கு சாந்த்-குருவா வரைக்கும் ராத்திரி முழுக்க நடந்துட்டு வந்தேன். கால் வீங்கி உக்காந்திருக்கேன், அதனால நிதானமாப் படிக்க முடிஞ்சுது.

ஆறுநாள் சகோதரரே, உங்க சபை வேற, என் சபை வேற. பரிணாமத்தை ஆராயறதுக்குத் தடையில்லைன்னு 12-ம் பயஸ் 1950-லயே எழுதிட்டார். அது வெறும் ஊகம் இல்லைன்னு இரண்டாம் ஜான் பால் 1996-ல சொன்னார். பட்டாணிச் செடியை வச்சு மரபுப் பண்பு எப்படி இறங்குதுன்னு கணக்குப் போட்ட மெண்டல் ஒரு துறவி. மாஸ் முடிச்சுட்டுத் தோட்டத்துக்குப் போனவர். கருப்புச்சட்டை நினைக்கிற மாதிரி நம்பிக்கைக்காரங்க எல்லாரும் ஒரே சட்டை போட்டவங்க இல்ல.

ரவுண்ட்தீவு_பல்லி

நான் பறவை, பல்லி எண்ணுற வேலையில இருக்கேன். ஒரே ஒரு திருத்தம் சொல்லிட்டுப் போறேன்.

தம்பலகோக் கதை தப்பு. 1977-ல ஒரு அமெரிக்கப் பறவை ஆராய்ச்சியாளர் எழுதினது. 13 மரம்தான் மிச்சம், எல்லாம் 300 வயசுக்கு மேலன்னார். டோடோவுக்குப் பதிலா வான்கோழிக்கு 17 கொட்டை ஊட்டினார், 3 முளைச்சுது. ஆனா வான்கோழி வயித்துக்குள்ள போகாத கொட்டையை நட்டுப் பாக்கவே இல்ல. நட்டிருந்தா அதுவும் முளைச்சிருக்கும். 13-ஐ விட நிறைய மரம் இருக்கு, 300 வயசுக்குக் குறைஞ்சதும் இருக்கு. டோடோ தின்னிருக்கலாம். ஆனா டோடோ இல்லாம முளைக்காதுங்கறது நிக்காது.

தீவு, வௌவால், தவளை பத்திச் சொன்னது சரி. டோடோ புறா இனம்ங்கறதும் சரி. 2002-ல மரபணுவை ஒப்பிட்டப்போ இப்போ உயிரோட இருக்கிறதுல அதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் நிக்கோபார் புறான்னு வந்துச்சு. சாட்சி வேணும்னா பக்கத்துல இருக்கிற ரவுண்ட் தீவுல ஒரு பாம்பு இருக்கு. அதோட மேல்தாடை எலும்பு நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு கீல் மாதிரி மடங்கும். வழுக்கற பல்லியைக் கவ்வறதுக்கு ரொம்ப வசதி. இப்போ உயிரோட இருக்கிற வேற எந்தப் பாம்புக்கும் அப்படித் தாடை கிடையாது. ஒரு பொழுது உக்காந்து அது இரை எடுக்கறதைப் பாருங்க. அப்புறம் வந்து சண்டை போடுங்க.

காவடி_27

ஆஹா. அப்போ அது தலபுராணம்! இந்த மரத்தடியில இந்தப் பறவை வந்து, இந்தக் கொட்டையை விழுங்கி, சாபவிமோசனம் கொடுத்துச்சுன்னு ஒரு கதை. நாங்க சொன்னா மூடநம்பிக்கை, நீங்க சொன்னா சாட்சியா?

வாத்தியார் ஐயா, உங்களுக்குத் தனியா. ராத்திரி சிவபுராணத்தை மெதுவா ஓதிப் பாத்தேன். இத்தனை வருஷமா நடுவுல வேகமாப் போயிடுவேன், "இளைத்தேன்"ல நின்னதே இல்ல. நீங்க சொல்றது சரி. தாள்லேருந்து எடுத்துடறேன். தசாவதாரத்தையும் எடுத்துடறேன், அது எனக்கே கொஞ்ச நாளா உறுத்திட்டுத்தான் இருந்துச்சு.

கருப்புச்சட்டை

பல்லி சொன்னதைத் தேடிப் படிச்சேன். அவர் சொல்றது சரி. நான் டியூஷன் எடுக்கிறவன். பதினாலு வருஷமா உயிரியல் பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைத்தான் கண்ணு விரியச் சொல்லிட்டிருக்கேன். அவங்களும் கண்ணு விரியக் கேட்டாங்க. அதான் சந்தேகமே வரலை.

ஆனா அண்ணே, வித்தியாசத்தைப் பாருங்க. அந்தக் கதையை உடைச்சது யாரு? இன்னொரு விஞ்ஞானி. நாத்து வளர்த்தவன், மரத்தை எண்ணினவன். தலபுராணத்தை எந்தக் குருக்கள் உடைச்சார்?

காவடி_27

உடைச்சது விஞ்ஞானி, ஒத்துக்கறேன். ஆனா உங்களைத் திருத்தினது விஞ்ஞானம் இல்ல தம்பி, நேத்து வந்த பல்லி. பதினாலு வருஷம் நீங்க சரிபாக்கலை. நான் இருபத்தேழு வருஷம் அர்த்தம் பாக்கலை. திறந்த மனசுன்னு யாரு யாருக்குப் பாடம் எடுக்கிறது?

அப்புறம், நாக்குல வேல் குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் வராம இருக்கே, அதுக்கு உங்க புத்தகத்துல என்ன இருக்கு?

கருப்புச்சட்டை

கூரான மெல்லிய கம்பி, பழகின கை, விரதத்துல ஒருமுகப்பட்ட மனசு. தீமிதியும் அப்படித்தான். கரி சூட்டை மெதுவாத்தான் கடத்தும், கால் படற நேரமும் கொஞ்சம். அதுக்கும் பயிற்சி வேணும், தைரியம் வேணும், மறுக்கலை. ஆனா எனக்குப் புரியாதது வேற. வேண்டிக்கிறீங்க, கிடைச்சா காவடி எடுக்கிறீங்க. இது பேரம்தானே? கிடைக்காதவங்க எல்லாம் எங்க போறாங்க? கிடைச்சவங்க மட்டும் வந்து கணக்குச் சொன்னா சாமி எப்பவும் ஜெயிக்கத்தான் செய்வார்.

காவடி_27

எனக்குக் கிடைக்கலை.

இருபத்தேழு வருஷம் முன்னாடி தம்பிக்காக வேண்டிக்கிட்டேன். கொடியேத்தின நாலாம் நாள் தம்பி போயிட்டான். அவனுக்கு இருபத்தோரு வயசு. தீட்டு, அதனால அந்த வருஷம் எடுக்கலை. அடுத்த வருஷம் எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு அம்மா கேட்டாங்க, சொல்லத் தெரியலை. இன்னிக்கும் சொல்லத் தெரியாது. சூரியன் ஏறினப்புறம் தார் ரோட்டுல கோர் தெ கார்ட் மலைப்படி வரைக்கும் நடக்கறப்போ ஒரு இடத்துல தோள் வலி நின்னுடும். அந்த இடம் வந்ததும் தம்பி ஞாபகம் வரும். அவ்வளவுதான். இதுல சாமி ஜெயிச்சாரா தோத்தாரான்னு நான் கணக்கு வச்சதில்ல.

நான் அதிசயம் காட்ட எடுக்கலை தம்பி. ரத்தம் பத்திக் கேட்டது வீம்புக்கு. அதை விட்டுடுங்க.

கருப்புச்சட்டை

மன்னிச்சுடுங்க அண்ணே. தெரியாம எழுதிட்டேன்.

கேள்வியை வாபஸ் வாங்கலை. ஆனா உங்ககிட்ட கேட்டது தப்பு.

வாத்தியார்

டார்வினும் 1851-இல் பத்து வயது மகளைப் பறிகொடுத்தவர். அவருடைய நம்பிக்கை போன வழியில் அந்தச் சாவும் இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1879-இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் இல்லை என்று மறுக்கும் பொருளில் தாம் ஒருபோதும் நாத்திகராக இருந்ததில்லை என்கிறார். அறிய முடியாது என்பவன் என்ற பெயரே தமக்குப் பொருந்தும் என்றார். இரு தரப்பும் அவரைத் தம் பல்லக்கில் ஏற்றுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

பல்லக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவர் நம் ஊருக்கு வந்தவர். 1836 ஏப்ரல் 29 முதல் மே 9 வரை பீகிள் கப்பல் போர்லூயியில் நின்றது. லெ பூஸ் மலை ஏறினார். நில அளவைத் தலைவரின் யானை மேல் சவாரி போனார். அன்று தீவில் இருந்ததே அந்த ஒரு யானைதான். இவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் நடக்கிறதே என்று வியந்து எழுதியிருக்கிறார். அப்போது இங்கே ஆயுள் தண்டனை பெற்ற இந்தியக் கைதிகள் ஏறக்குறைய 800 பேர் சாலை வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கம்பீரத்தையும், தூய்மையையும், தமக்கு விசித்திரமாகத் தெரிந்த சடங்குகளை அவர்கள் விடாமல் செய்ததையும் பார்த்து, நியூ சவுத் வேல்ஸில் தாம் பார்த்த வெள்ளைக் கைதிகளோடு இவர்களை ஒரே கண்ணால் பார்க்க முடியவில்லை என்று குறித்திருக்கிறார். அம்மா, இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டலாம்.

காவடி_27

யானை மேல வந்தாரா! பிள்ளையார் சும்மா அனுப்பியிருக்க மாட்டார்.

கருப்புச்சட்டை

ஆரம்பிச்சுட்டாருப்பா.

வாத்தியார் ஐயா, உங்க குறிப்பை இன்னொரு விதமாவும் படிக்கலாம். சங்கிலி போட்டவன் ஊர்க்காரனே அந்தக் கைதிகளைப் பாத்து "கம்பீரம்"ங்கறான். அதைப் படிச்சு நாம குளிர்ந்துபோறோம். மியூசியத்துல நிக்கிற டோடோ எலும்பைக் கண்டெடுத்தது தீரியூன்னு ஒரு முடிவெட்டுறவர். லெ பூஸ் பக்கம் தேடித் திரிஞ்சு சேர்த்தது. ஒரே பறவையோட முழுக்கூடுன்னு உலகத்துல இருக்கிறது அது ஒண்ணுதான். அதுக்கும் முன்னாடி, 1865-ல, மஹேபூர்ப் பக்கம் மார் ஓ சோன்ஜ் சதுப்புல ஏறக்குறைய மூணடித் தண்ணியில இறங்கி, வெறுங்காலால சேத்தைத் தடவி எலும்பு எடுத்துக் கொடுத்தது கூலியாளுங்க. அவங்க பேரை யாரும் எழுதி வைக்கலை. அறிவியல்னா வெள்ளைக்காரன் சொத்துன்னு உங்க மாமியார் நினைச்சா, அக்கா, இந்தக் காலைச் சொல்லுங்க.

மெழுகுவர்த்தி

பல்லி தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க தினம் பாம்பு, பறவைன்னு பாக்கறீங்க. உங்களுக்கு சாமி நம்பிக்கை உண்டா?

ரவுண்ட்தீவு_பல்லி

1974-ல மொரீசியஸ் வல்லூறு காட்டுல நாலே நாலுதான் தெரிஞ்சுது. இப்போ சில நூறு. நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்குக் கூடு பாக்கப் போகணும். தூங்கறேன்.

கேள்விக்காரியின்_அம்மா

சண்டை போடாதீங்கன்னேன். சரி, போனாப் போகுது.

டார்வின் யானையில போனதை மாமியாருக்குச் சொன்னேன். "அப்போ கெட்டவன் இல்ல"ன்னாங்க. காவடி அண்ணன் எழுதினதையும் படிச்சுக் காட்டினேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அவர் எந்த ஊரு, சாப்பிட வரச் சொல்லுன்னாங்க.

மகளுக்கு நான் ஒண்ணும் விளக்கலை. அதுக்குள்ள அவளே முடிவுக்கு வந்துட்டா. நேத்து சதுர்த்திக்கு எல்லாரும் சேர்ந்து கொழுக்கட்டை பிடிச்சோம். பிள்ளையாருக்கு இருபத்தொண்ணு வச்சா, எண்ணி எண்ணி வச்சா. வழக்கமா மூஞ்சூறு முன்னாடி ஒண்ணு வைப்போம். அதை மட்டும் வைக்கவே மாட்டேன்னுட்டா. மாமியார் எவ்வளவோ கெஞ்சினாங்க. "அது ஏற்கெனவே நிறைய சாப்பிட்டுடுச்சு, பாட்டி"ன்னா.